கறுப்புக்கு அடியில்

அவள் படம் பண்ணுகிற விதமே தலைகீழ். மரப்பலகையில் வட்டம், முக்கோணம், பட்டை என்று கலர் அரக்கை அடுக்கடுக்காகப் பூசிவிட்டு, கடைசியில் மொத்தத்தையும் கறுப்பு அரக்கால் மூடிவிடுவாள். இறுகியதும் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கறுப்பு தேயத் தேயப் படம் மேலே வரும். தேய்ப்பது புருஷன் வேலை. எங்கே நிறுத்துவது என்று சொல்வது அவள் வேலை. "போதும்" என்பாள், கை நிற்கும். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான்.

கடைசிப் பலகையைக் கறுப்பால் மூடிய வாரமே அவளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது, ஒரு வார்த்தையைத் தவிர. 'போதும்'. ஸ்பூன் வாயருகே வரும் முன்பே போதும். பசித்து அழும்போதும் போதும். விளக்கைப் போட்டாலும் போதும், அணைத்தாலும் போதும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், அது வாயில் தங்கிப்போன சத்தம், அர்த்தம் தேடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுடைய தம்பி விடவில்லை. கண்காட்சிக்கு ஒத்துக்கொண்டாயிற்று, அக்கா இனி இன்னொன்று பண்ணப்போவதில்லை என்று நச்சரித்தான். "உங்களுக்குத் தெரிஞ்சது தேய்க்கிறதுதான். அதையாவது செய்ங்க மாமா" என்று குத்தினான்.

கறுப்புக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று புருஷனுக்குத் தெரியாது. அவள் பூசுகிற பகலெல்லாம் அவர் டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருப்பார். அவள் பார்க்கட்டும் என்று பலகையைக் கட்டிலுக்கு எதிரே மேஜையில் வைத்தார்.

தேய்க்க உட்கார்ந்து, கறுப்பு இன்னும் மங்கக்கூட இல்லை, "போதும்" என்றாள். சிரித்துக்கொண்டே தேய்த்தார். சாம்பல் பட்டை வந்தது. போதும். பச்சைக் கோடு வந்தது. போதும். நடுவில் ஒரு சிவப்பு வட்டம் எட்டிப்பார்த்தது.

"போதும்."

"இரும்மா, இன்னும் கொஞ்சம் துலங்கட்டும்."

"போதும். போதும்."

நாலே இழுப்பில் வட்டத்தின் நடுவே சிவப்பு போய் வெறும் மரம் பல்லிளித்தது.

நிமிர்ந்தார். அவள் அழவில்லை. இடது கை போர்வையை இறுக்கியிருந்தது. அவரைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரம் தெரிந்த இடம் தேமல் மாதிரி கோணல்மாணலாக இருந்தது. அப்படியே விட்டால் எவனும் கண்டுபிடித்துவிடுவான். ஸ்கேல் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, மிச்சமிருந்த சிவப்பில் பாதியைத் தேய்த்தெடுத்து அதைச் சதுரமாக்கினார். அந்த நேரம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை.

தம்பி வந்து பார்த்து அசந்துபோனான். இந்த மொட்டை மரச் சதுரம்தான் படத்துக்கே உயிர், அக்கா இதற்குமுன் இப்படித் துணிந்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டே போனான்.

"அக்காவா சொன்னா, இங்க நிறுத்தச் சொல்லி?"

"வேற யாரு சொல்லுவா" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே.

கட்டிலில் அவள் வாய் திறந்து திறந்து மூடியது. அவளிடம் இருந்த ஒரே வார்த்தை இதற்கு உதவாது. தாகமாக இருக்கும் என்று தம்பி தண்ணீர் எடுக்கப் போனான்.