மலையிலிருந்து வராத குரல்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. வெள்ளிமலையில் பொன்னாடை வாங்கிக்கொண்டு ஜீப்பில் இறங்கிய தியாகி சுப்புராயன் அடிவாரத்திலேயே மாட்டிக்கொண்டார். சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் பக்கத்துக் கொல்லையில் இருந்த வீட்டுக்கு அழைத்துப் போனான்.

வீட்டுக்காரர் மாயவனுக்கும் சுப்புராயன் வயதுதான். பெயரைக் கேட்டதும் கயிற்றுக் கட்டிலை உதறிப் போட்டார். இலையில் சாமைச்சோறு வந்தது. அவர் மட்டும் உட்காராமல் நின்றார்.

சுப்புராயனுக்கு இது பழக்கம்தான். நாற்பத்திரண்டில் வெள்ளைக்காரனுக்குத் தெரியாமல் கல்வராயன் மலையிலிருந்து ரேடியோவில் பேசியவர் என்றால், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் யார்தான் எழுந்து நிற்க மாட்டார்கள்? உண்மை அவருக்கு மட்டும் தெரியும். மலை ஏறும்போதே ஒலிபரப்புப் பெட்டி பாறையில் மோதி, உள்ளே வால்வுகள் நொறுங்கிவிட்டன. ஒரு சொல்கூட வெளியே போகவில்லை. வெறுங்கையோடு இறங்க வெட்கப்பட்டு, பேசினேன் என்று சொல்லிவிட்டார். ஊரும் கேட்டேன் கேட்டேன் என்றது. கேட்கவில்லை என்று சொல்லித் துரோகிப் பட்டம் வாங்க யாருக்கு ஆசை?

"ஐயா, உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணுங்க," என்றார் மாயவன்.

"இன்னாத்துக்கு?"

"வடக்கனந்தல்ல பண்ணையாரு நெலத்த குத்தகைக்கு ஓட்டிக்கினு இருந்தேன். நீங்க பேசற அன்னிக்கு ரேடியோ முள்ள சரியா வச்சிட்டுப் போனாரு. நான் பெட்டிய தொடைக்கறப்ப முள்ளு நவுந்துடுச்சு போல. ஊருக்கெல்லாம் உங்க குரல் வந்துச்சாம், அவுரு வூட்ல மட்டும் வரல. நீ வெள்ளக்காரன் ஆளுடான்னு நெலத்த புடுங்கிக்கினு தொரத்திட்டாரு. அவுர சொல்லி குத்தமில்லீங்க. நாட்டு காரியத்த கெடுத்துட்டேனேன்னு எனக்கே இன்னும் மனசு ஆறல."

சுப்புராயன் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார். இந்த மனிதரின் நிலமும் மானமும் தன் ஒரு பொய்யில் போயிருக்கின்றன. இனியும் மறைத்தால் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"நீ எதையும் கெடுக்கல மாயவா. நான் பேசவே இல்ல. பெட்டி ஒடஞ்சி போச்சி. யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. நான் சொன்னது அத்தனையும் பொய்."

மாயவனுக்குக் கண் கலங்கியது. உள்ளே திரும்பி மனைவி பாப்பாத்தியைக் கூப்பிட்டார்.

"கேட்டியா? என் மனசு நோவக்கூடாதுன்னு, பேசுனதயே பேசலன்றாரு. எவ்ளோ பெரிய மனசு பாரு."

"மெய்யாலுமே பேசலப்பா," என்றார் சுப்புராயன். அழுகை வந்துவிட்டது.

பாப்பாத்தி இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு, குனிந்து அவர் கால்களைத் தொட்டுக் கும்பிட்டார்.