ஓட்டியோஸ் என்றால் பாராட்டா?

1
இந்தக் கதை ஒரு மனிதரிடமிருந்து வரவில்லை, ஒரு சொல்லிலிருந்து வந்தது. 'ஓட்டியோஸ்.' ஆங்கிலேயரிலேயே பலருக்குத் தெரியாத சொல். வேலையின்றிச் சும்மா இருப்பது என்று ஓர் அர்த்தம். இருந்தும் பயனில்லாதது என்று இன்னொன்று. நம்மூரில் இரண்டையும் சேர்த்துத் தண்டச்சோறு என்று முடித்துவிடுவோம்.

'யார்க்‌ஷரில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு...' (வேண்டாம். அங்கே எப்போது பெய்யவில்லை?)

2
கம்பளி ஆலையை மூடியதும் வில்ஃப்ரெட் ஆக்ராய்டுக்கு மிஞ்சியது தேவாலயப் பாடகர் குழு மட்டும்தான். அதில் அவர் மூன்றாவது அடிக்குரல், கீழ்ஸ்தாயியில் பாடும் மூவரில் கடைசி ஆள். ஒருநாள் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு, மனைவியிடம் வந்தார்.

"ஹில்டா! குழுத் தலைவர் பாதிரியார்கிட்ட சொன்னதை என் காதால கேட்டேன். மூணாவது அடிக்குரல் ஓட்டியோஸாம்!"

"அப்படின்னா?"

"லத்தீனா இருக்கும் கண்ணு. நல்லதா இல்லாம லத்தீன்ல எதுக்குச் சொல்றாரு?"

மறுநாள் தான் வேலை பார்க்கும் ரொட்டிக் கடையில் ஹில்டா வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்து வாழ்த்தினார்கள். பள்ளி ஆசிரியை மிஸ் தாக்ரே மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க ஹில்டா" என்று மெல்ல அர்த்தம் சொன்னாள்.

3
(இங்கே ஹில்டாவுக்குக் கோபம் வந்தது என்று எழுதி அடித்துவிட்டேன். அது பொய்.)

அவளுக்கு முதலில் தோன்றியது, 'சரியாத்தானே சொல்லியிருக்காரு' என்பதுதான். பகல் முழுக்க நாற்காலியில் கிடப்பவர், அவள் வாங்கி வரும் இறைச்சியைத் தின்பவர். அப்படி நினைத்த மறுகணமே அவள் முகம் பற்றி எரிந்தது. ஊர் சிரித்தால் தாங்கிக்கொள்ளலாம். தன் மனசே சொன்னதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

4
வீட்டில் வில்ஃப்ரெட் கோட்டு மாட்டி, தலை வாரி நின்றார்.

"கடையில என்ன சொன்னாங்க?"

"எல்லாருக்கும் சந்தோஷம்" என்றாள், அவர் கண்ணைப் பாராமல்.

"மதுக்கடைக்குப் போறேன். ஆலைப் பசங்க இருப்பானுங்க. அவனுங்களுக்கும் தெரியட்டும்."

கதையின் ஒரு முடிவில் அவள் உண்மையைச் சொல்கிறாள். அவர் அதற்குப் பிறகு பாடுவதேயில்லை. இன்னொன்றில் சொல்லாமல் விடுகிறாள். மதுக்கடையில் எவனோ அர்த்தத்தைச் சொல்கிறான். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஹில்டா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கதவுப் பிடியில் அவர் கை இருக்கிறது. "வில்ஃப், கொஞ்சம் நில்லு" என்றுவிட்டாள். அவர் சிரித்த முகத்தோடு திரும்பிவிட்டார். அடுத்து அவள் என்ன சொல்லவேண்டும்? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், சீக்கிரம்.