எல்லார் கைக்கும் வந்த பிறகு

எப்சிபா டீச்சருக்கு எச்சில் என்றால் ஆகவே ஆகாது. கோயம்புத்தூர் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். விடுதிப் பொறுப்பும் அவருடையதுதான். சர்ச்சில் திருவிருந்து நாளன்று மட்டும் என்ன பாடுபட்டாவது முதல் வரிசையில் இடம் பிடித்துவிடுவார். முதல் வரிசையில் தொடங்கிச் சபையார் அத்தனை பேரும் ஒரே கிண்ணத்தில் வாய்வைத்துத் திராட்சரசம் குடிக்கவேண்டும். இன்னொருவர் வாய்வைத்த இடத்தில் தன் வாயை வைக்க அவருக்கு மனசு வராது. புதிதாக வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். பழையவர்களுக்கு விஷயம் தெரியும். பரலோகத்திலும் டீச்சருக்கு முதல் பெஞ்சைத் துடைத்துத்தான் வைத்திருப்பார்கள் என்று சிரிப்பார்கள். டீச்சர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மழை பொய்த்துப்போய்க் கிணறெல்லாம் வறண்டு கிடந்த காலம் அது. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, பஸ் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு சேரி. தோட்டங்களில் கூலிக்குப் போய்ப் பிழைத்தவர்கள். தோட்டத்தில் தண்ணீர் இல்லாமல் போனதும் இவர்கள் அடுப்பில் பூனை படுத்துக்கொண்டது. ஆமோஸ் பாதிரியார் அங்கே நடையாய் நடந்தார். பிள்ளைகளுக்குத் தினமும் பால் காய்ச்சி ஊற்றுகிறோம், வேதத்துக்கு வரச்சொல்லி யாரையும் வற்புறுத்தமாட்டோம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். பெரியவர்கள் அரை மனசாகத்தான் தலையாட்டினார்கள். ஒரு நாள் வந்து ஊற்றட்டும், பிள்ளைகள் குடிக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்பது அவர்கள் முடிவு. அன்றைக்குச் சரியாக நடந்தால் தினமும் பால் உண்டு. கோணலாகிப்போனால் பால்பவுடர் டின்கள் வேறு ஊருக்குப் போய்விடும். டீச்சரின் ஏற்பாட்டில் பிசகு வராது என்று நம்பி, பாதிரியார் அவரைத்தான் அழைத்துக்கொண்டு போனார்.

காலையிலேயே மிஷன் வேன் போய்ச் சேர்ந்தது. டிரைவர் பாலுசாமி புளியமரத்தடியில் கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றினார். பிள்ளைகள் வந்தார்கள். குச்சிக் கை, குச்சிக் கால், முன்தள்ளிய வயிறு, எண்ணெய் காணாமல் செம்பட்டை பாய்ந்த தலை. டீச்சருக்கு நெஞ்சை என்னவோ செய்தது. ஆனால் இரக்கத்தைவிட ஒழுங்கு முக்கியம் என்பது அவர் கட்சி. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, விடுதிப் பெண்களிடம் மூன்று வேளையும் சொல்கிற அதே சட்டத்தை இங்கேயும் சொன்னார். இது கர்த்தருடைய பந்தி. எல்லார் கைக்கும் வந்த பிறகுதான் யாரும் வாயில் வைக்கலாம். தள்ளுமுள்ளு வேண்டாமே என்பதற்காகச் சொன்னதுதான். அதற்குமேல் அந்தச் சொல்லைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

பால் வாசனை பிடித்துப் பக்கத்துச் சேரிப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். கொண்டுவந்த அலுமினிய டம்ளர்கள் பாதிப் பேருக்குமேல் கொஞ்சம்தான் காணும். டீச்சரா அசருகிறவர்? வழியில் ஒரு கொப்பரைக் களத்தில் கொட்டாங்குச்சி குவிந்து கிடந்ததைப் பார்த்திருந்தார். பாலுசாமியை அனுப்பி ஒரு சாக்கு நிறைய எடுத்துவரச் சொன்னார். நார் போகச் சுரண்டி, வெந்நீரில் அலசி, தன் கையாலேயே துடைத்துவைத்தார். பாதிரியார் தூரத்தில் பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தார். கண்ணில் பட்டிருந்தால் தடுத்திருப்பார். டீச்சருக்கோ தன் சாமர்த்தியத்தை நினைத்து உள்ளுக்குள் ஒரே பெருமை.

முன்னால் இருந்தவர்களுக்கு டம்ளரிலும் பின்னால் இருந்தவர்களுக்குக் கொட்டாங்குச்சியிலும் பால் ஊற்றியாயிற்று. டீச்சர் ஜெபம் செய்து ஆமென் சொன்னார். ஒரு பிள்ளையும் குடிக்கவில்லை.

புரியவில்லை போலிருக்கிறது என்று, இன்னொரு சின்ன ஜெபம் செய்து சத்தமாக ஆமென் சொன்னார். அப்போதும் யாரும் குடிக்கவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஆவி முகத்தில் அடிக்க, எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக நின்ற தாய்மார்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெரியவர்களில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டார். பாதிரியார் முகம் செத்துப்போயிற்று. டீச்சருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

முன் வரிசையில் மாசாணம் என்ற பெண் இருந்தாள். பத்து வயசு இருந்தால் அதிகம். டீச்சர் அவளிடம் குனிந்தார்.

"ஏன் கண்ணு, குடிக்கறதுக்கென்ன? கையிலதான் பால் இருக்குதில்ல?"

"எனக்கு வந்துருச்சுங்க. அவிங்களுக்கு இன்னும் வர்லீங்களே." மாசாணம் பின்வரிசையைக் காட்டினாள்.

"அவங்க கையிலயும்தான் இருக்குது."

"அது கொட்டாங்குச்சிங்க. டீக்கடைல எங்கய்யனுக்கு அதுலதான் ஊத்துவாங்க. கிளாஸு மத்தவிங்களுக்குங்க. எல்லார் கைக்கும் வந்தப்பறம்தான் குடிக்கோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அதானுங்க பாத்துட்டிருக்கறோம்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. விவரம் தெரியாத விருந்தாளிக்கு வீட்டு வழக்கத்தை எடுத்துச்சொல்கிற பதவிசு. மிஷன் விடுதியிலேயே வளர்ந்த டீச்சர் அதுவரை ஒரு டீக்கடை வாசற்படியையும் மிதித்ததில்லை. தன் கையால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தது என்ன என்பது அப்போதுதான் உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்துக்கும் மேலே இன்னொன்று வந்து அவரை அப்படியே ஆட்கொண்டது. வயிறு நிறையச் சாப்பிடும் விடுதிப் பெண்களே ஜெபம் முடிவதற்குள் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொள்வார்கள். நேற்றுக் குடித்த கூழோடு இருக்கும் இந்தப் பிள்ளைகள், போகிறபோக்கில் தான் சொன்ன ஒரு சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மூக்குக்கு நேரே பாலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். எத்தனையோ பிரசங்கம் கேட்டவர்தான். இப்படி மெய்சிலிர்த்தது அவருக்கு அதுவே முதல்தடவை.

டீச்சர் ஒவ்வொரு கொட்டாங்குச்சியாகத் தானே வாங்கிப் பாலைத் திரும்ப அண்டாவில் ஊற்றினார். முன்வரிசை குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவிப் பின்வரிசைக்குத் தருகிறேன் என்றார். மாசாணம் தயங்கினாள்.

"அப்பவும் மொதல்ல ஒருத்தரு, அப்பறம் ஒருத்தருன்னு ஆயிருமுங்களே. ரெண்டு பேத்துக்கு ஒரு டம்ளரு போதுங்க. மாத்தி மாத்திக் குடிச்சுக்கறோம்."

ஒரே டம்ளரில் இரண்டு வாய் என்பது டீச்சருக்கு ஆகாத காரியம். ஆனாலும் சரி என்றார். கண்மூடித் திறப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து மாறி உட்கார்ந்து ஜோடி சேர்ந்துவிட்டார்கள். ஆளுக்குப் பாதி என்று எல்லாருக்கும் வந்தாயிற்று.

அப்போதும் யாரும் குடிக்கவில்லை. எல்லாக் கண்களும் டீச்சர்மேல் இருந்தன. மாசாணத்துக்கு மட்டும் ஜோடி இல்லை. அவள் தன் டம்ளரை அவர்முன் நீட்டினாள்.

"உங்க கைக்கு இன்னும் வர்லீங்களே."

கஞ்சிபோட்ட வெள்ளைப் புடவையோடு எப்சிபா டீச்சர் புழுதியில் உட்கார்ந்தார். "நீ மொதல்ல குடி, அம்மணி" என்றார். மாசாணம் டம்ளரில் வாய்வைத்து, சரியாகப் பாதி குடித்துவிட்டுக் கொடுத்தாள். விளிம்பில் சின்னதாக ஒரு உதட்டுத் தடம், பால் நுரையோடு இருந்தது. டீச்சர் டம்ளரைத் திருப்பிப் பிடிக்கவில்லை. அந்த இடத்திலேயே வாய்வைத்தார். அதற்குப் பிறகு புளியமரத்தடி முழுக்கப் பால் குடிக்கிற சத்தம்தான். எழுந்து நின்ற பெரியவர் மறுபடி உட்கார்ந்து, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று பாதிரியாரைக் கேட்டார்.

அடுத்த திருவிருந்து அன்று முதல் வரிசையில் டீச்சரைக் காணோம். உடம்புக்கு என்னவோ என்று பழையவர்கள் கவலைப்பட்டுக்கொண்டார்கள். ஆமோஸ் பாதிரியார் கிண்ணத்தோடு கடைசிவரை வந்தபோது, பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரருக்கும் அடுத்து, வரிசையின் கோடியில் டீச்சர் முழங்காலில் இருந்தார். எல்லாருக்கும் வந்துவிட்டதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கினார்.