கடைமடைக்கு இரண்டு தட்டு

தண்ணீர் வந்துவிட்டது. தட்டுச் சத்தம் மட்டும் வரவில்லை.

ரோசெண்டோ புஹாண்டா நீளக்காம்பு மண்வாரியை ஊன்றிக்கொண்டு தன் மடையருகில் நின்றார். சிமென்ட் வாய்க்காலில் தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்றது. அவர் மடையைத் திறக்கவில்லை. முறைப்படி இது மேல்மடைக்காரன் வெர்ல் ஹாஸ்கெட்டின் நேரம். அடுத்தவன் நேரத்துத் தண்ணீரை எடுக்கிறவனுக்குப் பாலைவன ஊரான கிளெண்டேலில் ஒரே பெயர்தான், திருடன்.

அந்த வாய்க்காலின் வழக்கம் எளிமையானது. மேலே இருப்பவன் வாய்க்காலில் தடுப்புப் பலகையை இறக்கித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்புவான், தன் மரங்களுக்குப் பாய்ச்சி முடித்ததும் அதைத் தூக்குவான். பிறகு மண்வாரியால் இரும்பு மடையில் இரண்டு தட்டு தட்டுவான். அதைக் கேட்டுக் கீழே இருப்பவன் ஓடிப்போய்த் தன் மடையைத் திறப்பான். பருத்தியும் சர்க்கரைக் கிழங்கும் விளைந்த காலத்தில் அந்தச் சத்தம் தோட்டம் தோட்டமாக இறங்கி வரும். தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கார் நிறுத்துமிடமாயின, ஹோட்டலாயின, இருபது திரை கொண்ட சினிமாக் கொட்டகையாயின. சாராயம் விற்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதி மனை விற்ற ஊர் இது. இன்றைக்கு ஸ்டேடியத்தில் மேட்ச் நடக்கும் நாளில் பீர் ஓடுகிற வேகத்துக்கு வாய்க்கால் தண்ணீர் ஓடாது. கடைசியில் அந்த வாய்க்காலில் மிஞ்சியவர்கள் இருவர். மேலே வெர்ல், கடைமடையில் ரோசெண்டோ.

அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஸ்டேடியம் வந்த வருஷம் வெர்ல் தன் பருத்திக் காட்டைக் கார் நிறுத்த விற்றார். காபிக் கடையில் பத்துப் பேர் முன்னால் ரோசெண்டோ கேட்டார், "உங்கப்பனைப் புதைச்ச குழியையும் சேர்த்தே குடுத்துட்டியா, இல்ல அதுக்குத் தனி ரேட்டா?" வெர்ல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அத்தோடு சரி. அடுத்த வருஷமே ரோசெண்டோ தண்ணீர் முறை இல்லாத மேட்ச் நாட்களில் தன் வீட்டுப் புல்தரையில் காசுக்குக் கார்களை நிறுத்தவிட்டு ஆள்பிடிக்க அட்டையும் ஆட்டினார். ஊசியைப் பார்த்து உன் முதுகில் ஓட்டை என்று சல்லடை சொன்ன கதைதான். வெர்ல் அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம், சொல்லவில்லை. அதுதான் ரோசெண்டோவுக்கு இன்னும் எரிச்சல். வெர்லின் வாசல் இருந்த தெருவில் கால் வைப்பதையே விட்டுவிட்டார், கடைக்குப் போவதற்குக்கூட ஊரைச் சுற்றிப் போனார்.

ஆனால் பதினைந்து நாளுக்கொருமுறை அந்த இரண்டு தட்டு தவறாமல் வந்தது. மனைவி ஒடிலா செத்துப்போன வாரத்திலும் வந்தது. மகள் டாலஸில் இருந்து போன் செய்வாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், பதில் முடிவதற்குள் வேறு யாரோ அவளைக் கூப்பிடுவார்கள். மற்றபடி உலகத்தில் அவரை நினைத்து ஒருவர் எழுப்புகிற ஒரே சத்தம் அதுதான். ராத்திரியில் அரளிப் புதர்களுக்கு அப்பால் வெர்ல் வீட்டுப் பக்கம் ஒரு விளக்கு எரியும். அது எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் ரோசெண்டோ படுக்கப் போவார். இதை அவரிடமே சொன்னால் அடிக்க வருவார்.

தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கொட்டத் தொடங்கியது. கிழவன் தூங்கிவிட்டான் என்று முதலில் நினைத்தார். பிறகு, வேண்டுமென்றே செய்கிறான், பிச்சை போடுகிற மாதிரி தன் முறையை என் பக்கம் தள்ளிவிடுகிறான் என்று தோன்றியது. வீம்பு ஏறியது. வருஷமெல்லாம் தண்ணீருக்கு ஏங்குகிற கடைமடைக்காரன், வந்த தண்ணீரை எடுக்காமல் தெருவுக்கு விட்டு நின்றான். தெருவில் சிவப்புச் சட்டை போட்டு ஸ்டேடியத்துக்கு நடந்த கூட்டம் குதித்துக் குதித்து ஒதுங்கியது.

"என்ன தாத்தா, பாலைவனத்துல படகு விடப் போறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் அவரைக் கிளப்பியது. மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு, திட்டவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு, இத்தனை வருஷத்துக்குப் பிறகு வெர்லின் தெருவுக்குள் நுழைந்தார்.

அங்கே வெர்லின் வீடு இல்லை.

ஆளுயரக் கம்பிவேலி இருந்தது. உள்ளே வீடு இருந்த இடம் துடைத்துவிட்டாற்போல் சமதளமாகக் கிடந்தது. எந்நேரமும் எதையாவது இடிக்கிற ஊரில் இந்த இடிப்புச் சத்தம் அவர் காதில் தனியாக விழவில்லை. பின்பக்கம் ஆரஞ்சு மரங்கள் மட்டும் ஈர மண்ணில் பச்சையாக நின்றன. வேலி ஓரமாக ஒரு காவல் கூண்டும் அதன்மேல் ஒரு விளக்கும் இருந்தன. இத்தனை நாள் அவர் பார்த்துவிட்டுப் படுத்தது அந்த விளக்கைத்தான். வேலியைப் பிடித்துக்கொண்டார்.

காவல் கூண்டிலிருந்து நாற்பது வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். சீருடையில் மரிசெலா என்று பெயர் தைத்திருந்தது. மண்வாரியைப் பார்த்ததுமே அவளுக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது.

"ரோசெண்டோ ஐயாதானே நீங்க? கடைமடைக்காரர்."

அவர் தலையசைத்தார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். வெர்ல் வசந்தகாலத்திலேயே இடத்தை விற்றுவிட்டு மேசா என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இங்கே ஹோட்டல் வரப்போகிறது. இந்த மரங்களையும் அடுத்த மாதம் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் தண்ணீர் முறைக்கு முறை வெர்ல் மகளைக் காரோட்டச் சொல்லி வந்துவிடுவார். மரிசெலா பூட்டைத் திறந்துவிடுவாள். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, சாகப்போகிற மரங்களுக்கு முழு முறையும் பாய்ச்சுவார். பிறகு பலகையைத் தூக்கி, இரும்பில் இரண்டு தட்டு தட்டி, அரளிப் புதர் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார்.

"வெட்டப் போற மரத்துக்கு எதுக்குய்யா தண்ணின்னு கேட்டேன்," என்றாள் மரிசெலா. "மரத்துக்கு இல்லம்மா, கீழ இருக்கிறவன் ஒரு முரடன், தட்டலைன்னா மடையைத் திறக்க மாட்டான், அவன் மரமெல்லாம் காஞ்சு போயிடும்னு சொன்னார்."

ரோசெண்டோ மண்வாரியைத் தோளிலிருந்து இறக்கி ஊன்றினார்.

"இன்னிக்கு ஏன் வரல?"

முந்தாநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இனி வரமாட்டார் என்று வெர்லின் மகள் காலையில் மரிசெலாவிடம் போனில் சொல்லியிருந்தாள்.

மரிசெலா பூட்டைத் திறந்துவிட, ரோசெண்டோ வேலிக்குள் போய் வெர்லின் பலகையைத் தண்ணீரில் இறக்கினார், வெர்லின் மடையைத் திறந்தார். வாய்க்கால் தண்ணீர் திரும்பி ஆரஞ்சு மரங்களுக்குள் பரவியது. வெர்லின் வாளியிலேயே உட்கார்ந்தார். அவருடைய சொந்த பம்ப்ளிமாஸ் மரங்கள் கீழே காத்திருந்தன, காத்திருக்கட்டும் என்று விட்டார். ஸ்டேடியத்திலிருந்து பெரிய ஆரவாரம் எழுந்து அடங்கியது. அங்கே அறுபதாயிரம் பேர் கத்தினார்கள், இங்கே தண்ணீர் மண்ணில் இறங்குகிற சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. கடைசி மரத்தின் அடி நனையும்வரை அசையவில்லை.

பிறகு எழுந்து பலகையைத் தூக்கினார். வெர்லுக்குப் போன் போடும்படி மரிசெலாவிடம் சொன்னார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மடையருகே நீட்டினாள்.

"யாரு?" என்றது ஒரு மெலிந்த குரல். வெர்லின் குரலுக்கு இவ்வளவு வயசாகியிருக்கும் என்று ரோசெண்டோ நினைக்கவில்லை.

மண்வாரியை ஓங்கி இரும்பில் தட்டினார். இன்னொரு தட்டு. கடைமடைக்காரனுக்குக் கீழே யாரும் கிடையாது. ஆயுசிலேயே அவர் யாருக்காகவும் தட்டியதில்லை.

"என் மரத்துக்கு விட்டியா?" என்றார் வெர்ல்.

"முழு முறையும் விட்டேன்."

"ம்."

"ஹாஸ்கெட்," என்றார் ரோசெண்டோ. "அன்னிக்கு அந்தக் காபிக் கடையில நான்..."

"தண்ணி ஓடுதுய்யா," என்றார் வெர்ல். "தட்டுன பிறகு அங்கயே நின்னு என்ன பண்ற? போய் உன் மடையைத் திற."

ரோசெண்டோ ஓடினார். முழங்கால் விட்டவரை ஓடினார், மிச்சத்தை நடந்தார். மேட்ச் முடிந்து எதிரே வந்த சிவப்புச் சட்டைக்காரர்கள், சேற்றுக் காலோடு அழுதுகொண்டு வந்த கிழவருக்கு வழிவிட்டார்கள். தங்கள் அணி தோற்றதற்காக அழுகிறார் என்று ஒருவன் நினைத்துத் தோளைத் தட்டி, அடுத்த வாரம் பாத்துக்கலாம் தாத்தா என்றான்.

மடையைத் திறந்தார். தண்ணீர் புல்தரைக்குள் வந்து ஒடிலா வைத்த மரங்களைச் சுற்றியது. அடுத்த முறைக்குள் மேலே மரம் இருக்குமா, வாய்க்கால்தான் இருக்குமா என்று அவருக்குத் தெரியாது. அரளிப் புதர்களுக்கு அப்பால் விளக்கு எரிந்தது. அது காவல் கூண்டின் விளக்கு என்று தெரிந்தும் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் தண்ணீரில் நின்றிருந்தார்.