தாடையின் உட்புறம்

1

இந்தக் கதை ஒரு நல்லி எலும்பிலிருந்து பிறந்தது. ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியில் மதியச் சாப்பாட்டின்போது அதை உறிஞ்சிவிட்டு இலையோரம் வைத்தேன். அதன்மேல் குறுக்கே மெல்லிய கோடு, கறிக்கடைக்காரரின் கத்தி பட்டது. பழங்கால எலும்புகளிலும் இப்படிக் கோடுகள் உண்டு, அவற்றை வைத்தே அந்த உயிரைத் தொட்டது மிருகத்தின் பல்லா, மனிதனின் வெட்டுக்கல்லா என்று சொல்லிவிடுவார்கள் என்று அன்று காலைதான் படித்திருந்தேன். அதற்குமேல் ஒரு வாய் இறங்கவில்லை.

2

மலைமேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த

(வேண்டாம். ஏற்காட்டைப் பற்றி எழுதுகிற எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறார்கள்.)

ஆஃப்ரின் கொட்டச்சேடு கிராமத்துக்குப் போனது ஒரு தாடையைப் பார்க்க. ஒண்டிக்கடையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சாதிக் பாஷாவின் மகள் அவள்; பல்கலைக்கழகத்தில் பழைய எலும்புகளை ஆராய்கிறாள். கடைக்கு வந்த அந்த ஊர் மாதம்மாள், காப்பிக்கன்றுக்குக் குழி தோண்டும்போது பாறையிடுக்கில் ஒரு குட்டித் தாடை கிடைத்ததாகச் சொல்லியிருந்தாள்.

[இந்த மலையின் ஈரமண்ணில் எலும்பு ஆயிரக்கணக்கான வருடம் தாங்காது என்று விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த இடுக்கு மட்டும் காய்ந்து கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்காக இதைக்கூடச் செய்யமாட்டீர்களா?]

தாடை மாதம்மாள் வீட்டுச் சாமி மாடத்தில் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் ஒரு கிண்ணம் பால்.

"எங்க வம்சத்துக் கொழந்த கண்ணு. சாமியா வந்திருக்குது."

ஆஃப்ரின் கையில் வாங்கினாள். கல்லாய்க் கனத்தது. பால் பல் இன்னும் விழவில்லை. பூதக்கண்ணாடியை வைத்தாள். மஞ்சளுக்கடியில், நேர்நேராக, வெட்டுக்கோடுகள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும்தான். ஏதோ பழங்கால மான் எலும்பைப் பற்றி எழுதத்தானே உட்கார்ந்தேன்? இந்தக் குழந்தையை யார் இங்கே கொண்டுவந்து வைத்தது?

3

"ஏனுங்கம்மா, இதுல கத்தி ஏதாச்சும் பட்டுச்சுங்களா?"

"படாம? மண்ணு அப்பி, நொம்ப அழுக்காக் கெடந்துச்சு. சாமிய அப்படியே ஊட்டுக்குள்ள வெக்க முடியுமா? கீரை அரியற கத்தியில பதமாச் சொரண்டி, மஞ்சத் தண்ணியில குளிப்பாட்டுனேன்."

ஆஃப்ரினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. எவ்வளவு பழைய எலும்பு, அதைப் போய்ச் சுரண்டிவைத்திருக்கிறார்களே!

(இங்கேயே முடிக்கலாம். அவள் சிரித்துக்கொண்டே பஸ் ஏறுகிறாள், நீங்களும் நிம்மதியாகச் சாப்பிடப் போகிறீர்கள். எழுதியும் பார்த்தேன். அதற்குள் இந்தப் பெண் தாடையைத் திருப்பிவிட்டாள்.)

4

உட்புறம், நாக்கு ஒட்டியிருக்கும் இடத்தில், இன்னும் சில கோடுகள். மாதம்மாளின் கத்திக்கோடுகளுக்குள் மஞ்சள் ஏறியிருந்தது. உட்புறத்துக் கோடுகளோ எலும்போடு எலும்பாகக் கறுத்து, உள்ளே மண் இறுகிக் கிடந்தன.

"உள்பக்கமும் சொரண்டுனீங்களா?"

"இல்ல கண்ணு. பல்லு ஆடுச்சு, பயந்துக்கிட்டு உட்டுட்டேன்."

ஆஃப்ரினுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தில் கல் பட வேண்டுமானால், யாரோ அந்தப் பிள்ளையின் நாக்கை அறுத்தெடுத்திருக்க வேண்டும்.

தின்பதற்கா? பஞ்சத்தில் அதுவும் நடந்திருக்கும். அல்லது இறந்த பிள்ளையைப் பிரிய மனமில்லாமல், சதையை நீக்கி எலும்பைக் கூடவே வைத்துக்கொள்ளவா? இரண்டிலும் கல் ஒரே வழியாகத்தான் போகும். ஒரே கோட்டைத்தான் விடும்.

அவள் மறுபடி வெளிப்புறத்தைப் பார்த்தாள். இன்னும் ஆயிரம் வருடம் கழித்து ஒருவர் இந்தக் கீரைக்கத்திக் கோடுகளைப் பார்த்தால் என்ன எழுதுவார்? இந்த வீட்டில் குழந்தையைத் தின்றார்கள் என்றுதானே! அந்த வீட்டுக்காரியோ தினமும் பால் வைக்கிறாள்.

5

"எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போ, தடுக்கல," என்றாள் மாதம்மாள். "ஆனா இந்தக் கொழந்தைக்கு என்னாச்சுன்னு சொல்லிப்போட்டுப் போ. நாங்க கும்படற சாமி. தெரிஞ்சுக்க வேண்டாமா?"

இரண்டாவது முடிவு: ஆஃப்ரின் பொய் சொல்கிறாள், காய்ச்சலில் போயிருக்கும் என்கிறாள். (அடித்துவிட்டேன். இந்தத் தாடையில் இல்லாததை அவள் சொல்லமாட்டாள்.)

மூன்றாவது முடிவு: "தெரியலைங்க" என்கிறாள். அது உண்மைதான். ஆனால் மாதம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். முகம் வெளிறிப்போயிருக்கிறது. இனிமேல் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

என்னால் இதற்குமேல் முடியவில்லை. நல்லவேளை, தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் எழுதித் தருகிறேன். அந்த ஒரு சொல்லை நீங்கள் வையுங்கள். வைக்கும்முன் தாடையின் இரண்டு பக்கத்தையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்துப் பாலில் ஆடை படிந்துவிட்டது, மாதம்மாள் காத்திருக்கிறாள். ஆஃப்ரின் வாயைத் திறக்கிறாள்:

"அம்மா, அவங்க இந்தக் கொழந்தைய