முத்திரை எண்

எங்கள் காப்பகத்தின் மூத்தவர் குன்வோர் அம்மாளுக்கு இன்று மதியம் அடக்கம். பிறகு மண்டபத்தில் காப்பி. அங்கே நான் நான்கு நிமிடம் பேச வேண்டும். காப்பகத்துக்கு அவர் முதன்முதலில் சேர்த்த ஒலிப்பதிவில் ஒரு துண்டைப் போடலாமென்று காலையில் திறந்தேன். மீனவக் கிழவி ஒருத்தி வலை உலர்த்துவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், பதினோராவது நிமிடத்தில் நின்றுபோனாள். மிச்சம் நாற்பது நிமிடமும் வெறும் அமைதி.

ஆனால் முத்திரை எண் சரியாக இருந்தது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். அந்த முறையை எங்களுக்குப் பழக்கியவரே குன்வோர்தான். இருபது வருடமாக மாதாமாதம் சரிபார்த்தபோதெல்லாம் பச்சை விளக்கு. அதே பெட்டியில் வந்த மற்ற முப்பது பதிவுகளையும் திறந்தேன். எல்லாமே பாதியில் அறுந்திருந்தன. அவர் எண்ணை மூல வட்டிலிருந்து எடுக்காமல், நகலெடுத்த பிறகு அந்த அறுந்த நகலிலிருந்தே எடுத்திருக்கிறார். காயத்துக்கே முத்திரை குத்தி இத்தனை வருடம் காவல் காத்திருக்கிறோம். எண் பொருந்தியதால் வட்டுகளை அப்போதே அழித்துவிட்டார்கள்.

எங்கள் தலைவி தூவெ, அடக்கத்துக்குக் கிளம்பக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரையும் கேட்கச் சொன்னேன்.

"ஒண்ணும் கேக்கலையே, அஸ்கர்."

"அதான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "பிழைப் பதிவேட்டுல நாளைக்கு எழுதிக்கலாம்டா. இன்னிக்கு வேணாம்."

"கண்டுபிடிச்ச அன்னிக்கே எழுதணும்னு சட்டம் போட்டது யாரு, குன்வோர்தானே? போன வருஷம் நான் திங்கக்கிழமைக்குத் தள்ளினப்ப, கோப்பு சனி ஞாயிறு லீவு எடுக்குமான்னு எல்லார் முன்னாடியும் வாரினாங்களே."

தூவெ சிரித்தார், பிறகு மூக்கைச் சிந்தினார். "பேரு போடணுமா?"

"யார் செஞ்சதுங்குற கட்டத்த காலியா விட்டா கணினி சேமிக்காது. அதுவும் அவங்க செஞ்ச ஏற்பாடுதான்."

பெயரை எழுதினேன். சேமித்தது.

கல்லறைத் தோட்டத்தில் அவருடைய மகன் எஸ்பென் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்கதான் பேசறீங்களாமே. எங்க வீட்டுல என் சின்ன வயசு போட்டோ ஒண்ணுகூட மிஞ்சல, தெரியுமா? எல்லாத்தையும் அம்மா எங்கயோ வெச்சுத் தொலைச்சுட்டாங்க. ஊரார் குரல மட்டும் ஒண்ணு விடாம காப்பாத்தினாங்க. அதச் சொல்லுங்க, போதும்."

சவப்பெட்டி குழிக்குள் இறங்கியது. அடக்கம் முடிந்ததற்கு அடையாளமாக, ஊர் வழக்கப்படி, வாசலில் அரைக்கம்பத்தில் நின்ற கொடியை ஒருவர் உச்சிக்கு ஏற்றினார். காற்றே இல்லை, துணி கம்பத்தோடு ஒட்டியபடி மேலே போனது. மண்டபத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். எஸ்பென் இன்னும் என் கையை விடவில்லை.