போன நோன்பிலிருந்து

நிரூபனின் அச்சுக்கடைத் திரையில், போத்தல் லேபிளில் தன் பெயரைப் பார்த்ததும் மபாஸாவுக்கு எழுந்து நிற்கவேண்டும் போல் இருந்தது. 'மபாஸா சாதிக்காய் அச்சாறு.' எழுத்துகள் ஒவ்வொன்றும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவை. வளைவில் பருத்து, திரும்புமிடத்தில் மெலிந்து, முடியும் இடத்தில் சின்னதாய் ஒரு பாதம் ஊன்றி நின்றன. பழைய தேயிலைப் பெட்டி எழுத்து மாதிரி என்றான் நிரூபன். அவளுக்கு அந்தப் பாதங்கள்தான் பிடித்தன. யார் தள்ளினாலும் விழாதவை.

ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் பலீலுக்கு மட்டும் ஒரு குறை. "இவ்வளவு கம்பீரமா போட்டுட்டு கீழ ஒரு வருஷம் இல்லாட்டி எப்படி? 1952 முதல்னு போடுங்க தம்பி."

"1952ல எங்க உம்மாவே பொறக்கல்ல," என்றாள் மபாஸா.

"யாரு பாக்கப் போறாங்க? ரிஸ்வி நானா பழைய கம்பெனி சாமானைத்தான் முன்னுக்கு வைப்பாரு."

அது உண்மை. தம்புள்ளையில், யாழ்ப்பாண பஸ்கள் தேநீருக்கு நிற்கும் இடத்தில் ரிஸ்வியின் கடை. அங்கே முன் தட்டு கிடைத்தால் இரண்டு வீடுகளுக்குச் சமைக்கப் போவதை அவள் விட்டுவிடலாம். ஆனால் ஊரார் வீசியெறியும் சாதிக்காய்ச் சதையை அவள் ஊறுகாய் போடத் தொடங்கியதே போன நோன்பில்தான். இத்தனை நேராக நிற்கும் எழுத்தைப் பொய் சொல்லவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"போன நோன்பிலிருந்துன்னு போடுங்க," என்றாள். "அதே எழுத்துல. அதே தடிப்புல."

பலீல் தலையில் கைவைத்தான். போத்தலை வாங்கிய ரிஸ்வியோ ஒருமுறை வாசித்தார், மறுமுறை வாசித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். முன் தட்டில் இருந்த ஜாம் போத்தல்களை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினார். பெருநாள் கழிந்து மூன்றாம் நாளைக்கு இன்னும் நாற்பது போத்தல் வந்துசேர வேண்டும் என்றார். மபாஸா ஒரு வீட்டுக்காரியிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பெருநாள் பிறை கண்ட செய்தியை வானொலி சொன்ன அந்தியில், பள்ளிவாசலில் தக்பீர் முழக்கம் கேட்கத் தொடங்கியது. லேபிள் ஒட்டி மேசையில் நின்ற நாற்பதையும் பார்த்து மபாஸா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த நோன்பு முடிஞ்சு போச்சுங்க. இனி போன நோன்புன்னா இதுதானே."

பலீல் யோசித்தான். "ஒரு வருஷம் குறைச்சுச் சொன்னா பொய்யாகாது."

"ஆகும்."

கறுப்புப் பேனையை எடுத்தாள். 'போன' என்பதை ஒட்டி 'தற்கு முந்தின' என்று நெருக்கி எழுதினாள். கோடுகளை இரண்டு தடவை கீறித் தடிப்பாக்கினாள். பலீலும் ஒரு பேனையோடு பக்கத்தில் வந்து குந்தினான். அவன் போட்ட பாதங்கள் செருப்பை மாற்றி மாட்டியவை போலிருந்தன. அவளுக்கு அவன்மேல் பாசம் பொங்கியது.

"அப்ப அடுத்த வருஷம்?" என்றான்.

"கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்க," என்று சொல்லி, நாற்பதாவது போத்தலின் கடைசி எழுத்துக்குக் கீழே மெதுவாக ஒரு பாதம் வரைந்தாள்.